இருபது கிராமுக்கு மேல்

மார்ச் 2

கம்பெனி டைரிகளை வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்து, மீந்த ஒன்றை ஆவுடையப்பன் இன்று என்னிடம் நீட்டினான். "உங்களுக்குத்தான் எழுத வருமே சார்." மார்ச் மாதத்தில் டைரி கொடுப்பவன் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது. நானும் சொல்லவில்லை. அவனை நான் முதலாளி என்று கூப்பிட்டதும் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். தம்பி என்பேன். அதற்கு அவன் முகம் சுளிப்பதைப் பார்ப்பதற்காகவே இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவேன்.

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலுமாக நூற்று அறுபத்து மூன்று கட்டடங்களின் லிஃப்டுகளை மாதாமாதம் பார்த்துக்கொள்வது இந்தக் கம்பெனியின் தொழில். மாதம் பிறந்தால் நூற்று அறுபத்து மூன்று பில், அத்தனை கவர். நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி., எம்.ஃபில். பதினான்கு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவன். ஐம்பத்து மூன்று வயதில் என் வேலை, தாளை மூன்றாக மடித்துக் கவரில் நுழைத்து, முகவரி அதன் கண்ணாடித்தாள் ஜன்னலுக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. பக்கத்து நாற்காலியில் ஜெஸிந்தா ஈரப் பஞ்சில் ஸ்டாம்பைத் தொட்டு ஒட்டுவாள். பன்னிரண்டாம் வகுப்பு. என்னைவிட வேகமாக ஒட்டுகிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை.

பில்லோடு மெக்கானிக்கின் சர்வீஸ் சீட்டும் போக வேண்டும். மெக்கானிக் போகிற நேரத்தில் கட்டடத்துச் செயலாளர் இருக்க மாட்டார், வாட்ச்மேன் கையெழுத்துப் போடுவான். சீட்டின் மஞ்சள் நகல் எங்கள் அலமாரியில் கட்டாகத் தங்கும். வெள்ளை நகல் பில்லோடு பின் அடிக்கப்பட்டுத் தபாலில் போகும். லிஃப்டில் என்ன கோளாறு என்று செயலாளருக்குத் தெரிவது அந்தச் சீட்டால்தான். "கவர்ல போட்டாச்சுன்னா நம்ம பொறுப்பு முடிஞ்சுது சார்" என்பது ஆவுடையப்பனின் தத்துவம்.

இன்று நூற்றுப் பதினெட்டாவது கவரில் செண்பகம் அடுக்ககத்துக்குப் புதுச் செயலாளர் பெயர் வந்தது. முனைவர் ப. கோமதிநாயகம். எங்கள் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பியவர். தகவலுக்காகக் குறித்து வைக்கிறேன். எனக்கு எந்த உணர்ச்சியும் ஏற்படவில்லை.

அந்தக் கவருக்குள் வெற்றுத் தாள் இரண்டு சேர்ந்து போய்விட்டது. ஏ-ஃபோர் தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு எண்பது கிராம் என்றால் தாளொன்று ஐந்து கிராம். கவரும் பில்லும் சீட்டும் சேர்ந்து பதின்மூன்று. இரண்டு தாள் சேர்ந்தால் இருபத்து மூன்று. இருபது கிராமுக்கு மேல் போனால் ஐந்து ரூபாய் ஸ்டாம்பு போதாது. குறைந்த ஐந்து ரூபாயை இரட்டிப்பாகப் பெறுபவரிடம் வாங்குவார்கள். தபால்காரர்களின் நேர்மையில் எனக்கு நம்பிக்கை உண்டு.

மார்ச் 13

ஜெஸிந்தா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். "சார், செண்பகத்துலேர்ந்து ஒரு பெரியவரு கெடந்து குதிக்காரு. நம்ம கவருக்குப் பத்து ரூவா தண்டம் கட்டி வாங்கினாராம். உள்ள பாத்தா ரெண்டு வெறுந்தாளாம்."

"என்ன குரலில் பேசினார்?"

"குரலா? அது என்ன கேள்வி சார். கோவமாத்தான்."

"சத்தம் போட்டாரா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாரா?"

"மெதுவாத்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மதியம் தயிர்சாதம் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 2

நூற்று அறுபத்து மூன்று கவர். ஒன்று கனம்.

ஏப்ரல் 12

இம்முறை ஆவுடையப்பனே மேஜைக்கு வந்தான். "ஸ்டாம்பு சரியா ஒட்டுதீயளா சார்? அந்தச் செண்பகத்துக்காரரு மறுபடியும் போன் போட்டாரு. உம்ம கம்பெனியில எண்ணத் தெரிஞ்ச ஆளு கெடையாதான்னு கேக்காரு."

"எல்லாக் கவரிலும் ஐந்து ரூபாய் ஒட்டியிருக்கிறது தம்பி. ஜெஸிந்தாவைக் கேளுங்கள்."

ஜெஸிந்தா தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சொன்னதிலும் பொய் கிடையாது. பதினான்கு வருடம் பாடம் நடத்தியவன் பொய் சொல்ல மாட்டேன்.

"எண்ணத் தெரிந்த ஆள் கிடையாதா" என்கிறார். என் தேர்ச்சி விகிதம் தொண்ணூற்று நான்கு. அவருடைய பொருளாதாரத் துறையில் அறுபத்தொன்று. அதை அவர் மறந்திருக்கலாம்.

மே 3

வெயில் தாங்கவில்லை. மின்விசிறி போட்டால் பில் பறக்கிறது, நிறுத்தினால் வியர்வை சொட்டிக் கவரில் மை கலைகிறது. ஜெஸிந்தா பஞ்சு டப்பாத் தண்ணீரைக் கழுத்தில் தெளித்துக்கொள்கிறாள். ஒன்று கனம்.

தெய்வானை இரவுச் சாப்பாட்டின்போது, "இப்பல்லாம் முத வாரத்துல சந்தோசமா இருக்கீய" என்றாள். என் மனைவிக்குக் கற்பனை அதிகம்.

மே 14

செண்பகத்திலிருந்து போன் வரவில்லை. கட்டினாரா, கட்டவில்லையா? ஜெஸிந்தாவிடம் இரண்டு தடவை கேட்டேன். "எதுக்கு சார் அந்தப் பெரியவரு மேல இம்புட்டு அக்கறை, சொந்தமா?" என்றாள்.

ஜூன் 3

கவர் முடிந்தது. ஆறு மணிக்குள் பெட்டியில் போட்டாயிற்று. ஜெஸிந்தா மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறதென்று சீக்கிரம் போய்விட்டதால் கடைசி ஐம்பதை நானே ஒட்டினேன். செண்பகத்துக்கு இம்முறை தாள் கொஞ்சம் மெல்லியது. மூன்று வைக்க வேண்டியிருந்தது.

ஜூன் 12

வந்துவிட்டது! தபால்காரர் காலையில் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். குறுக்கே கோடு இழுத்து, "பெறுநர் வாங்க மறுத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறது. இனி அந்தக் கம்பெனிக் கவருக்குக் காசு கேட்டால் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம் பெரியவர். தபால்காரரே சொன்னார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் முதல்வர் அறையில் அவர் மேஜைக்கு எதிரே இருபது நிமிடம் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. "உம்ம சேவை அடுத்த வருசத்துக்குத் தேவைப்படல" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மனிதரை மூன்று தாள் வாசலுக்கு வரவழைத்துக் கோபப்படவைத்துத் திருப்பி அனுப்பவும் வைத்திருக்கிறது. கவரைப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் வைத்தேன். மத்தியானம் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

ஜூன் 14

இசக்கிராஜ் வந்தான். ஆறு வருடமாக இங்கே மெக்கானிக். அதிகம் பேசாதவன். கை துடைக்கும் துணியை முறுக்கிக்கொண்டே நின்றான்.

"சார், செண்பகத்துக்காரவுக ஏதாச்சும் சொன்னாவளா?"

"எதைப் பற்றி?"

"சீட்டுல சிவப்பு மையில எழுதிக் குடுத்தேம்லா. நீங்கதான சார் கவர் போடுதீய? பாக்கலியா?"

நான் இழுப்பறையைத் திறந்தேன். கவரைக் கிழித்தேன். மூன்று வெற்றுத் தாள் விழுந்தது. பின் அடித்த பில்லுக்குப் பின்னால் சீட்டு, எழுத்து உள்பக்கமாக இருந்தது. இசக்கிராஜின் கோணல் கையெழுத்து: "பிரேக் லைனர் முழுசா தேஞ்சு போச்சு. பிடி இல்லை. மாத்துற வரைக்கும் லிஃப்டை நிறுத்தி வைக்கவும்." தேதி, மே 29.

பதினாறு நாள்.

அன்று அந்தக் கவரை நான்தான் மடித்தேன். சீட்டைப் படிக்கவில்லை. வெற்றுத் தாளைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீயே நிறுத்திவிட்டு வந்திருக்கலாமே" என்றேன். பழியை யார் தலையிலாவது வைக்க வேண்டியிருந்தது.

"மொதலாளி அண்ணாச்சி உட மாட்டாவ சார். அவுகளக் கேக்காம எந்த லிஃப்டையும் நிறுத்தக் கூடாதுன்னு ஆர்டர். நிறுத்தினா கட்டடத்துக்காரன் அடுத்த கம்பெனிக்குப் போயிருவான்னு சொல்லுதாவ. எழுதிக் குடு, கவர்ல போயிரும்னாவ."

ஆவுடையப்பனிடம் போனேன். அவன் கெட்டவன் என்று எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனால் அவன் பதற்றப்படவும் இல்லை. கவரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"நல்லதாப் போச்சு சார். இத அப்படியே ஃபைல்ல போடுங்க. நாம அனுப்பியிருக்கோம், அவரு வாங்க மாட்டேன்னுட்டாரு. இதவிட அத்தாட்சி என்ன வேணும்?"

"ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள் தம்பி."

"போன வருசம் பிரேக்கு மாத்தணும்னு அங்க போன் போட்டுச் சொன்னேன். காசு புடுங்கப் பாக்கியான்னாக. இப்ப வேற கம்பெனிட்ட ரேட்டு வாங்குதாக. நான் எதுக்குக் கால்ல விழணும்? ஒண்ணாம் தேதி அடுத்த கவர்ல இன்னொரு சீட்டு போட்டாப் போச்சு."

ஏதாவது நடந்தால் முழுப் பழியும் கோமதிநாயகத்தின் தலையில் விழும். அவரே மறுத்து அனுப்பிய கவர், தபால்துறை முத்திரையோடு எங்கள் ஃபைலில் இருக்கும். நான் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக அமைந்திருக்காது.

ஃபைலில் போடவில்லை. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 15

அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். "யாரு?" என்றார். குரல் மாறவே இல்லை. வைத்துவிட்டேன். லைன் சரியில்லை.

மறுபடி செய்யவில்லை. தெய்வானை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அந்த மனுசன் ஒங்க வாழ்க்கையில பன்னெண்டு வருசமா வாடகை குடுக்காமக் குடியிருக்காரு" என்றாள். கற்பனை அதிகம் என்றேனே.

ஜூன் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்குச் செண்பகம் அடுக்ககத்துக்குப் போனேன். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். கீழ்த்தளத்தில் பந்திக்கான தண்ணீர்க் கேன்கள் வரிசையாக இருந்தன. பழைய லிஃப்ட், இழுத்து மூடும் கிரில் கதவு. நான் மாடிப்படியில் ஏறினேன். நான்காம் மாடி.

கதவைத் திறந்தவர் கையில் ஊன்றுகோல். உடம்பு பாதியாகியிருக்கிறது. கண் அப்படியே இருக்கிறது. ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை அவருக்கு.

"சங்கரபாண்டியனா? நீரா வே?"

கவரை நீட்டினேன். வாங்கவில்லை.

"தண்டத் தபால இப்பக் கையிலயே குடுத்தனுப்பிட்டானா ஆவுடையப்பன்? அங்கயா இருக்கீரு நீரு?"

"உங்கள் தயவால்."

"பாத்தீரா, இன்னும் அதே வாய். மேடையில ஏறி நிர்வாகக் கமிட்டிக்காரரத் திருத்தின வாய்லா."

அறிவியல் தின விழா. சிறப்பு விருந்தினராக வந்த கமிட்டிக்காரர், கனமான பொருள்தான் முதலில் கீழே விழும் என்று மாணவர்களிடம் மைக்கில் சொன்னார். நான் எழுந்து தவறு என்றேன். அவ்வளவுதான் என் குற்றம்.

"அவரு சொன்னது தப்புதான், எனக்கே தெரியும்" என்றார் கோமதிநாயகம். "அத மேடையிலயா வே சொல்லணும்?"

"தப்பை அவர் மேடையில்தானே சொன்னார்."

கதவைச் சாத்தப் போனார். நான் ஒரு காலைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு சீட்டைப் படித்தேன். பிரேக், பிடி, நிறுத்தி வைக்கவும், எல்லாவற்றையும்.

"நான் தினம் போறேன், வாரேன். ஒண்ணும் ஆகல. காசு புடுங்குத வேல."

"தனியாகத்தானே போகிறீர்கள்? நான்காம் மாடியில் நின்ற பிறகு வெளியே கால் வைக்கும்போது தரை கீழே இருக்கிறதா?"

அவர் ஊன்றுகோலைப் பார்த்தார்.

"ரெண்டு இஞ்சு" என்றார் பிறகு. "முன்னால ஒரு இஞ்சா இருந்துது."

"கூண்டுக்கு மறுபக்கம் கயிற்றில் ஒரு இரும்பு எடை தொங்குகிறது. ஒரே ஆள் ஏறினால் அந்த எடை கனம், கூண்டு மேலே நழுவும். மூன்று பேர் ஏறினால் இரண்டும் சமம், பிரேக் இல்லாமலே நிற்கும். அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. ஆறு பேர் ஏறினால் கூண்டு கனம். கீழே போகும். இன்றைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?"

"மாப்பிள்ள வீட்டுக்காரவுக மட்டும் இருபத்தஞ்சு பேரு." சற்று யோசித்தார். "பாடம் முடிஞ்சுதா? சீட்ட வச்சுட்டுப் போரும். நாளைக்குக் கமிட்டியில வைக்கேன். நிச்சயத்துக்கு வாரவுகள மூணு மாடி நடங்கன்னு சொல்ல முடியாது."

மறுபடி மெதுவாகப் பேசினார். அந்தக் குரலில் எனக்குப் பழைய இருபது நிமிடமும் ஞாபகம் வந்தது. கீழே இறங்கினேன். லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. கிரிலை இழுத்துத் திறந்தேன். வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியை வாசற்படியின் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். கிரில் திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. இசக்கிராஜுக்குப் போன் செய்தேன். பிறகு யார் சொன்னாலும் எழவில்லை.

பெண்ணின் அப்பா பட்டு வேட்டியில் வந்தார். "யோவ், யாருய்யா நீரு? எந்திரியும்! பத்தரைக்கு அவுக வந்துருவாவ."

"பிரேக் இல்லை. ஏறக் கூடாது."

"ஒம்மக் கூப்பிட்டாவளா? எவன் ஒம்ம அனுப்பினான்?"

"யாரும் அனுப்பவில்லை."

சமையல்காரர் ஒருவர், "காலைலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் போல" என்றார். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்கள். கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சட்டைப் பொத்தான் ஒன்று போயிற்று. அதற்குள் வாட்ச்மேன் கம்பெனிக்குச் சொல்லிவிட்டான். ஆவுடையப்பனின் போன்.

"சார், நீங்க அங்க என்ன பண்ணுதீய? இப்ப எந்திச்சு வரலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராண்டாம்."

"சரி தம்பி" என்று சொல்லிப் போனை அணைத்தேன்.

படியில் ஊன்றுகோல் சத்தம். நான்கு மாடி இறங்கி வந்திருந்தார் கோமதிநாயகம். வேர்த்துக் கொட்டியது.

"ஒரு கேள்வி" என்றார். "மூணு மாசமா வெறுந்தாள் வச்சு எனக்குத் தபால் வந்துது. கம்பெனிக்காரன் முட்டாள்னு நெனச்சேன். நீருதானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்றால் யாரும் நிரூபிக்க முடியாது.

"நான்தான். எடை கூட வேண்டுமென்று வைத்தேன். மூன்று மாதம் இரண்டு தாள். கடைசியில் மூன்று."

"அதனாலதான் நான் கவர வாங்கல."

"ஆமாம். அதனால்தான் இந்தச் சீட்டு உங்கள் கைக்கு வரவில்லை."

"அப்ப இதுல யாராவது செத்திருந்தா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

"மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை" என்றேன் கடைசியில். "லிஃப்டை நிறுத்த வந்தேன்."

அந்த நேரத்தில் இசக்கிராஜ் பைக்கை நிறுத்தினான். அவனுக்கும் ஆவுடையப்பனின் போன் வந்திருக்கிறது, எடுக்கவில்லையாம். நான் தண்ணீர்க் கேன்களைக் காட்டினேன். ஒன்று இருபது லிட்டர், இருபது கிலோ. இருபது கேன் ஏற்றினால் நானூறு கிலோ, ஆறு பேர் கனம்.

"குடிக்கத் தண்ணிய்யா அது!" என்று கத்தினார் பெண்ணின் அப்பா.

"லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டால், இருபது கேனையும் நானே தோளில் சுமந்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். அதற்குப் பிறகு போலீஸைக் கூப்பிடுங்கள்."

அவர் கோமதிநாயகத்தைப் பார்த்தார். கோமதிநாயகம் தலையாட்டினார்.

என்னைத் தூக்க வந்த அதே இரண்டு பேர் கேன்களை உள்ளே அடுக்கினார்கள். இசக்கிராஜ் கிரிலை மூடிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினான். எல்லோரையும் பத்தடி பின்னால் தள்ளி நிறுத்தினேன். மேலே பொத்தானை அழுத்தினான். மோட்டார் முனகிக்கொண்டு கூண்டைத் தூக்கியது. முதல் மாடி, இரண்டு, மூன்று. மோட்டார் நின்றது. கூண்டும் நின்றது.

"நின்னுட்டுல்லா" என்றார் பெண்ணின் அப்பா. "இப்ப என்னங்குதீரு?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் அவர் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இருபது கேனைச் சுமந்திருப்பேன்.

பிறகு கயிறு நகர்ந்தது. மோட்டார் சத்தமே இல்லை. கிரில் வழியே பார்த்தோம், கம்பிக் கயிறு மட்டும் ஓடிற்று. முதலில் மெதுவாக, யாரோ இறக்கிவிடுகிற மாதிரி. இரண்டாம் மாடியைத் தாண்டும்போது வேகம். அடித்தளக் குழியின் ஸ்பிரிங்கில் விழுந்த சத்தத்தில் வாழைமரத்துக் குருவிகள் பறந்தன. கூண்டுக்குள் கேன்கள் வெடித்தன. கிரிலுக்கு அடியில் தண்ணீர் வழிந்து எங்கள் செருப்புகளை நனைத்தது.

மூன்றாம் மாடியிலிருந்து கல்யாணப் பெண், "என்னப்பா சத்தம்?" என்று கேட்டாள்.

அவள் அப்பா ஈரத் தரையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், நடந்து ஏறினார்கள். ஒருவரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. கோமதிநாயகம் திரும்ப நான்கு மாடி ஏற வேண்டும். பக்கத்தில் நானும் ஏறினேன், விழுந்துவிட்டால் அந்தப் பழியும் என்மேல் வரும் என்பதால். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றார். நிற்கும்போதெல்லாம் சண்டை போட்டோம். முதல் மாடியில் என் திமிரைப் பற்றி. இரண்டாவதில் அவருடைய கோழைத்தனம் பற்றி. மூன்றாவதில் நாதஸ்வரச் சத்தத்தில் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. வாசலில் அவர் "காப்பி குடிக்கீரா?" என்றார். வேண்டாம் என்றேன். "நல்லது" என்று கதவைச் சாத்தினார்.

ஜூன் 17

வழக்கம்போல் ஒன்பது மணிக்கு அலுவலகம் போனேன். ஜெஸிந்தா எழுந்து நின்றுவிட்டாள். "சார், அண்ணாச்சி ஒங்கள..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆவுடையப்பன் வந்தான். இரவெல்லாம் தூங்காத முகம்.

"வராண்டாம்னு சொன்னேம்லா சார். அப்புறம் அந்தப் பெரியவரு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னாரு. வெறுந்தாள் கணக்கையும். நம்ம கம்பெனிப் பேர வச்சு ஒங்க சொந்தப் பகையத் தீத்துருக்கீய. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"எழுத மாட்டேன். நீங்கள் நீக்குங்கள். காரணத்தோடு எழுதிக் கொடுங்கள்."

"எழுதுவேன். தபால்ல மோசடி பண்ணுனீயன்னு எழுதுவேன்."

"எழுதுங்கள். உண்மைதான், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். அப்படியே எந்தத் தபால் என்றும் எழுதுங்கள். அதில் என்ன சீட்டு இருந்தது, எந்தத் தேதிச் சீட்டு, பதினாலாம் தேதி நான் வந்து சொன்ன பிறகு ஃபைலில் போடச் சொன்னது யார், பதினாறாம் தேதி எழுந்து வா என்று போனில் சொன்னது யார், எல்லாம். ஒன்றை எழுதினால் மற்றதும் வரும் தம்பி. லெட்டர்ஹெட்டில் எழுதுங்கள்."

அவன் நின்றான். நான் என் மேஜையிலிருந்தே ஒரு லெட்டர்ஹெட்டை எடுத்து அவன் பக்கம் தள்ளினேன். பேனாவைத் திறந்து மேலே வைத்தேன்.

"வார்த்தை வேண்டுமானால் நான் சொல்கிறேன்."

ஜெஸிந்தா பஞ்சு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கினாளா, அழுகையையா என்று தெரியவில்லை. ஆவுடையப்பன் பேனாவைத் தொடவில்லை. போகவும் இல்லை.

அவன் முடிவு செய்யட்டும் என்று எழுந்து அலமாரியைத் திறந்தேன். மே மாதச் சீட்டுகளின் மஞ்சள் நகல் கட்டை எடுத்து வந்து கயிற்றை அவிழ்த்தேன். இந்த அலுவலகத்தில் நாலரை வருடமாக மாதம் நூற்று அறுபத்து மூன்று சீட்டு என் கை வழியாகப் போயிருக்கிறது. அனுப்பும் முன் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. படிப்பது என் வேலையில் சேர்ந்ததல்ல என்று நினைத்திருந்தேன்.

முதல் சீட்டிலிருந்து படித்தேன். கிரீஸ் போட்டது. பல்பு மாற்றியது. கதவு உராய்கிறது. எல்லாம் சரி. எல்லாம் சரி. நாற்பத்தோராவது சீட்டு ஜங்ஷன் பக்கத்து ஒரு நர்ஸிங் ஹோம். கார்பன் நகலில் மையின் நிறம் தெரியாது. எழுத்து தெரியும். "கயிறு இழை விட்டிருக்கு. உடனே பார்க்கவும்."

இரண்டு தடவை படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மற்றதை ஜெஸிந்தா பக்கம் நகர்த்தி, "நாற்பத்திரண்டிலிருந்து நீங்கள் படியுங்கள். நிறுத்து, உடனே, அறுந்து என்று எது வந்தாலும் தனியாக வையுங்கள்" என்றேன். அவள் உட்கார்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நான் செருப்பை மாட்டினேன்.

"எங்க கெளம்பிட்டீய?" என்றான் ஆவுடையப்பன்.

முகவரியைச் சொன்னேன்.